தொட்டிச் செடி ஏன் வாடுகிறது?

(நீலகிரி மாவட்டம் கிளென்மார்கனில் பஞ்சாயத்து அங்கத்தினர்கள், விவசாயிகள், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் ஆகியோர் முன்னிலையில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

தொட்டிகளிலும் பைகளிலும் வளர்க்கப்படும் காய்கறிச் செடிகள் நலிவுறுவது ஏன், அவற்றைக் காக்கும் வழி யாது என்பது எனக்கு அளிக்கப்பட்டுள்ள பொருள். கோசும் காரட்டும் ஏக்கர் கணக்கில் விளையும் நீலகிரியில் தொட்டிச் செடியைப் பற்றிப் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். நிலம் உடையவருக்கு அது பொழுதுபோக்காகத் தோன்றலாம். தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டில் குடியிருப்பவரின் நிலைமை வேறு. வீட்டைச் சுற்றியுள்ள மண் முழுவதும் தோட்டத்திற்குச் சொந்தம். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, 1968 முதல் இம்மலைகளில் அரசாங்கம் அமைத்த தேயிலைத் தோட்டங்களில் வேலைக்கு அமர்ந்த குடும்பங்கள் பல. இரண்டு மூன்று தலைமுறைகள் இங்கே உழைத்த பின்னும், தமக்கென ஒரு பாத்தி மண் இல்லாதவர்கள் அவர்களில் ஏராளம். அத்தகைய வீட்டு வாசலில் இருக்கும் நான்கு எண்ணெய் டின்களும் ஆறு உரச்சாக்குகளுமே அவ்வீட்டின் வயல். அதில் நட்ட பத்துச் செடிகளும் பட்டுப்போனால், அந்த வீட்டிற்கு அது முழு வெள்ளாமையும் போனதற்குச் சமம். ஆகவே பெருவிவசாயியின் பயிர் நோய்க்குக் காட்டும் கவனத்தை இதற்கும் காட்டுவது நியாயமேயாகும்.

தொட்டியில் காய்கறி வளர்க்கும் முறையைத் தமிழ்நாட்டில் பரப்பிய முயற்சிகளில் முக்கியமானது, 2013-14ஆம் ஆண்டில் சென்னை, கோயம்புத்தூர் நகரங்களில் தொடங்கப்பட்ட மாடித் தோட்டத் திட்டம். பைகள், அமுக்கிக் கட்டிய தென்னை நார்த்தூள், விதை, உரம் ஆகியவற்றை ஒரு தொகுப்பாக மானிய விலையில் வழங்கினார்கள். நல்ல திட்டம். பலர் பயன் அடைந்தார்கள். ஆனால் அத்திட்டத்தையொட்டி எழுந்த அறிவுரைகள் யாவும் சென்னை மொட்டை மாடியின் வெயிலை மனத்திற்கொண்டு எழுந்தவை. அங்கே காலையில் ஊற்றிய நீர் மாலைக்குள் வற்றிவிடும். "நாள் தவறாமல் நீர் ஊற்றுக" என்பது அவ்விடத்திற்குப் பொருந்தும். அதே அறிவுரை ஓர் எழுத்தும் மாறாமல் மலையேறி வந்திருக்கிறது. இங்கே ஆடி மாதத்தில் நனைந்த பை பத்து நாள் ஆனாலும் காய்வதில்லை. உதகமண்டலம் கடல் மட்டத்திற்கு மேல் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. இப்பக்கத்துக் குளிரும் மூடுபனியும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. கிளென்மார்கனில் தொட்டிச் செடிகள் சாவதற்குப் பஞ்சமும் பூச்சியும் பெரும் காரணங்கள் அல்ல. அதிக நீரும் தகாத மண்ணும் அகாலத்தில் இட்ட உரமுமே பெரும் காரணங்கள் என்பது என் கருத்து.

ஒரு செடி வாடி நிற்கக் கண்டால் நாம் செய்வது என்ன? உடனே ஒரு செம்பு நீர் ஊற்றுகிறோம். மறுநாளும் வாட்டம் தீரவில்லையென்றால் ஒரு பிடி உரம் வைக்கிறோம். மூன்றாம் நாள் மருந்து தெளிக்கிறோம். இந்த வரிசையே தவறானது. இலை வாடுவதன் பொருள், இலைக்கு நீர் வந்து சேரவில்லை என்பதே. மண்ணில் நீர் இல்லை என்று அதற்குப் பொருள் அன்று. மண் சேறாக நனைந்திருக்கும்போது மண் துகள்களுக்கு இடையிலுள்ள காற்று வெளியேறிவிடுகிறது. காற்றில்லாத இடத்தில் வேர் மூச்சுவிட இயலாது. மூச்சற்ற வேர் நீரை உறிஞ்சும் சக்தியை இழக்கிறது. ஆகவே நீருக்குள் நின்றுகொண்டே செடி தாகத்தால் வாடுகிறது. அதன்மேல் மேலும் நீர் ஊற்றுவது, நீரில் மூழ்குகிறவன் வாயில் தண்ணீர் வார்ப்பதைப் போன்றது.

ஆகவே முதலில் வாட்டம் காணும் நேரத்தைக் கவனியுங்கள். மாசி, பங்குனி மாதங்களில் நண்பகல் வெயிலில் தலை சாய்ந்து, மாலையில் தானே நிமிரும் செடிக்கு நோயில்லை. வெயில் உறைக்கும் வேளையில் வேர் தருவதைக் காட்டிலும் இலை அதிகமாகச் செலவிடுகிறது, அவ்வளவே. மார்கழி, தை மாதங்களில் காலையில் வாடி, பகல் ஏற ஏறத் தெளியும் செடி வேறு வகை. இரவெல்லாம் குளிர்ந்த தொட்டி மண்ணில் வேர் விறைத்திருக்க, மலைச் சூரியன் இலையை மட்டும் எழுப்பிவிடுகிறது. வேருக்குச் சூடு ஏறியதும் வாட்டம் நீங்கும். இதற்கும் நீர் மருந்தன்று. அதிகாலையில் குழாய்த் தண்ணீரை ஊற்றுவது நிலைமையை மோசமாக்கும். மாலையாகியும் நிமிராத செடியே சோதனைக்கு உரியது.

சோதனை என்றவுடன் கருவிகளைத் தேட வேண்டாம். பையைத் தூக்கிப் பாருங்கள். பத்து லிட்டர் கொள்ளும் பையில், நனைந்திருக்கும்போதும் காய்ந்திருக்கும்போதும் இரண்டு மூன்று கிலோ எடை வேறுபாடு உண்டு. ஒரு வாரம் தூக்கிப் பழகினால் கையே தராசாகிவிடும். தூக்க முடியாத பெரிய டின்னாக இருந்தால் நடுவிரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். மேல்மண் காய்ந்த நிறமாக இருந்து உள்ளே ஈரமாக இருப்பது மலைப் பிரதேசத்தில் சாதாரணம். மேல் நிறத்தைப் பார்த்து நீர் ஊற்றுகிறவர்கள் வாரந்தோறும் ஏமாறுகிறார்கள்.

பை கனமாக இருந்து செடி வாடினால், அடுத்துப் பார்க்க வேண்டியது வடிகால் துளை. பைகளில் துளை இருக்கும். ஆனால் அந்தப் பை சிமெண்டுத் தளத்தின்மேல் அல்லது மண்ணின்மேல் படிந்து உட்கார்ந்திருக்கும். அப்போது துளை இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும். இரண்டு செங்கற்களின் மேல் அல்லது இரண்டு மூங்கில் கழிகளின் மேல் தூக்கி வையுங்கள். இதற்குச் செலவு ஏதுமில்லை. பல செடிகள் இந்த ஒரு மாற்றத்தாலேயே பிழைத்துவிடும். எண்ணெய் டின்னானால் அடியில் மட்டுமன்றி, அடியிலிருந்து ஓர் அங்குல உயரத்தில் பக்கவாட்டிலும் நான்கைந்து துளைகள் ஆணியால் இட வேண்டும். உரச்சாக்குகள் நெய்யப்பட்டவையாதலால் நீர் தானே கசியும். வாயை மடித்துவிட்டுப் பயன்படுத்தினால் அவற்றைப்போல் மலிவான தொட்டி வேறில்லை. பூச்சிமருந்து இருந்த டப்பாவையோ பெயிண்டு டின்னையோ எவ்வளவு கழுவினாலும் உண்ணும் பயிருக்கு உபயோகிக்கக் கூடாது.

இங்கே ஒரு தவறான வழக்கத்தையும் குறிப்பிட வேண்டும். நீர் நன்றாக வடியட்டும் என்று தொட்டியின் அடியில் ஒரு சாண் உயரம் கூழாங்கல் பரப்புகிறார்கள். புத்தகங்களிலும்கூட இது எழுதப்பட்டிருக்கிறது. உண்மையில் நடப்பது இதற்கு நேர்மாறு. நுண்ணிய மண்ணிலிருந்து பெருங்கல் அடுக்குக்குள் நீர் எளிதில் இறங்குவதில்லை. மேலுள்ள மண் சொட்டச் சொட்ட நனைந்த பிறகே கீழே சொட்டும். தொட்டியின் அடியில் இருக்க வேண்டிய ஈர அடுக்கு, கல்லின் காரணமாக மேலே ஏறி, வேர்களுக்கு நடுவில் வந்து நிற்கிறது. ஏற்கெனவே குறைவான மண்ணில் ஒரு சாண் இடத்தையும் கல் பிடித்துக்கொள்கிறது. கல்லை எடுத்துவிட்டு அவ்விடத்தையும் மண் கலவையால் நிரப்புவதே நலம். துளை அடைபடாதிருக்க ஓர் ஓட்டுச் சில்லு போதும். தட்டையான தட்டுகளைவிட ஆழமான தொட்டி நல்லது என்பதற்கும் இதுவே காரணம். எந்தத் தொட்டியானாலும் அடியில் ஏறக்குறைய ஒரே உயரத்திற்கு ஈரம் தங்கும். ஆழமான தொட்டியில் அதற்கு மேலே வேருக்குக் காற்றோட்டமான இடம் மிஞ்சும். காரட்டுக்கு முப்பது சென்டிமீட்டர் ஆழமும், முள்ளங்கிக்கு இருபதும், கீரைகளுக்குப் பதினைந்தும் வேண்டும். கோசுச் செடி ஒன்றுக்குப் பத்து லிட்டருக்குக் குறையாத மண் தேவை. ஒரே டின்னில் நான்கு கோசு நட்டுவிட்டு நான்கும் நலிந்து நிற்கிறதே என்று வருந்துவதில் பயனில்லை.

வடிகாலும் சரியாக இருந்து, செடி இன்னும் தெளியவில்லையா? வேரைப் பார்த்துவிடுங்கள். பலர் இதற்கு அஞ்சுகிறார்கள். நலிந்த செடிகளில் ஒன்றைப் பலி கொடுத்து மற்ற ஒன்பதைக் காப்பது புத்திசாலித்தனம். பையைச் சாய்த்து மண்ணுருண்டையை மெல்ல வெளியே எடுங்கள். நல்ல வேர் வெண்மையாகவும் உறுதியாகவும் இருக்கும். அழுகிய வேர் பழுப்பேறி, விரலால் இழுத்தால் தோல் உரிந்து நூல் போன்ற நடு நரம்பு மட்டும் கையில் தங்கும். சாக்கடை நாற்றமும் வரும். பாதி வேர் வெண்மையாக இருந்தால் செடி பிழைக்கும். அழுகியதை வெட்டி நீக்கி, புதுக் கலவையில் நட்டு, இலைகளில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, நிழலில் ஒரு வாரம் வைத்து, நீரை அடக்கி ஊற்றுங்கள். இவ்வேளையில் உரம் இடுவது கூடாது. குறைந்த வேர் உரத்தின் உப்பைத் தாங்காது.

நார்த்தூளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது தன் எடையைப்போல் ஏழெட்டு மடங்கு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் தன்மையது. சென்னையில் அது வரம். இங்கே ஆனி, ஆடி மழையில் அதுவே சாபமாகிறது. ஆகவே பையை நார்த்தூளாலேயே நிரப்பாமல் கலவையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போகாதபடி பார்த்துக்கொள்வது நல்லது. இரண்டாவது, கழுவாத நார்த்தூளில் உப்பு மிகுந்திருக்கும். உப்புத் தங்கிய பையில் இலையின் ஓரம் தீய்ந்தாற்போல் காய்ந்து வரும். கட்டியை ஊறவைத்து, பிழிந்து, நீரை மாற்றி இரண்டு மூன்று முறை கழுவிய பிறகே உபயோகிக்க வேண்டும். ஏற்கெனவே நட்டுவிட்டிருந்தால், வெயில் உள்ள ஒரு நாளில் தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்கு நீரை மெதுவாக ஊற்றி, அடியில் வழியவிட்டு உப்பைக் கழுவலாம். மூன்றாவது, கோடையில் ஒருமுறை முற்றிலும் காய்ந்துவிட்ட நார்த்தூள் சுருங்கி, பையின் ஓரத்தில் இடைவெளி விட்டுவிடும். ஊற்றிய நீர் அவ்விடைவெளி வழியே ஓடி அடியில் வழிந்துவிடும். பார்ப்பவருக்கு நீர் ஊற்றியாயிற்று என்று தோன்றும், நடுவேர் வறண்டிருக்கும். அத்தகைய பையை ஓர் அகன்ற பாத்திரத்து நீரில் அரைமணி நேரம் உட்கார வைத்து எடுத்தால் மறுபடி நனையும்.

இனி மண்ணுக்கு வருவோம். தொட்டிக்கு மண் வேண்டும் என்றதும் இங்கே இரண்டு இடங்களிலிருந்து எடுக்கிறார்கள். ஒன்று தேயிலைக் காடு. மற்றொன்று காய்கறி நிலம். இரண்டிலும் அபாயம் உண்டு.

தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் செடி. கார அமில நிலை நான்கரை முதல் ஐந்தரை வரை இருந்தால் அது செழிக்கும். காய்கறிகளில் பெரும்பாலானவை ஆறு முதல் ஆறரை வரை வேண்டுபவை. மிகுந்த புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்கிவிடும். மணிச்சத்து மண்ணிலேயே கட்டுண்டு கிடக்கும். நாற்று நட்டு ஒரு மாதமாகியும் வைத்தது வைத்தபடியே நிற்கும். உரம் இட்டும் பயன் காண மாட்டீர்கள். காலிபிளவரில் இலையின் பரப்பு குறுகி, நடு நரம்பு மட்டும் சாட்டைபோல் நீளும் நிலையைச் சிலர் பார்த்திருப்பீர்கள். புளிப்பு மண்ணில் மாலிப்டினம் என்னும் நுண்சத்து கிடைக்காததால் வருவது அது. இதற்கு விலை மிகுந்த டானிக்குகளை வாங்குவதற்கு முன்னர் டோலமைட் சுண்ணாம்பை நினையுங்கள். பத்துக் கிலோ தேயிலை மண்ணுக்கு 20 கிராம் அளவில், நடுவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பே கலந்து, ஈரமாக மூடி வைக்க வேண்டும். விறகு அடுப்புச் சாம்பலும் புளிப்பைக் குறைக்கும். சாம்பல் சத்தும் தரும். ஆனால் தொட்டிக்கு ஒரு பிடிக்கு மேல் வேண்டாம். சுண்ணாம்பு மிகுந்தாலும் கேடு உண்டு. இளம் இலைகள் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அளவு மீறிவிட்டதென்று அறியலாம். உதகமண்டலத்து மண் பரிசோதனை நிலையத்தில் ஒருமுறை சோதித்துக்கொண்டால் ஊகத்திற்கு இடமிராது.

காய்கறி நிலத்து மண்ணின் அபாயம் கண்ணுக்குத் தெரியாதது. 1961ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு அறிஞர் ஜோன்ஸ் என்பவர் உதகமண்டலப் பகுதியின் உருளைக்கிழங்கு நிலத்தில் தங்கநிற நூற்புழுவைக் கண்டறிந்தார். இந்தியாவில் அதற்கு முன் அப்புழு அறியப்பட்டதில்லை. வேரைத் துளைத்து வாழும் பெண் புழு, இறந்தபின் தன் உடலையே உறையாக்கி, அதனுள் நூற்றுக்கணக்கான முட்டைகளை விட்டுச் செல்கிறது. கடுகைவிடச் சிறிய அவ்வுறை, உண்ணும் பயிர் இல்லாமலே இருபது ஆண்டுகள் வரையிலும் மண்ணில் உயிரோடு கிடக்க வல்லது. நீலகிரி விதைக் கிழங்கு வெளியே செல்வதற்குக் கட்டுப்பாடுகள் வந்ததும், முத்தோரையிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தார் குப்ரி சுவர்ணா போன்ற எதிர்ப்புச் சக்தியுள்ள இரகங்களில் கருத்தூன்றியதும் இப்புழுவின் காரணமாகவே. இது உருளைக்கிழங்கோடு நிற்பதில்லை. தக்காளியையும் கத்தரியையும் தாக்கும். ஆகவே உருளைக்கிழங்கு நிலத்து மண்ணை ஒரு கூடை அள்ளிவந்து தக்காளித் தொட்டியில் இடுவது, நோயை வாசலுக்கு அழைத்து வருவதாகும். இதைவிட மோசமானது, பயன் தீர்ந்த தொட்டி மண்ணை, "உரமாகட்டும்" என்று வேறொருவருடைய சுத்தமான நிலத்தில் கொட்டுவது. ஒரு கூடை மண் ஒரு நிலத்தையே பல ஆண்டுகளுக்குக் கெடுத்துவிடக்கூடும். இவ்விஷயத்தில் விவசாயிகள் தயவு தாட்சண்யமின்றிக் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கோசு, காலிபிளவர், நூல்கோல் ஆகியவற்றை இந்த நூற்புழு தொடாது. ஆனால் அவற்றிற்கென்று வேறொரு மண் நோய் உண்டு. வேர்கள் குமிழ் குமிழாகப் பருத்து, செடி பகலில் வாடி, நாளடைவில் மஞ்சளாகி நின்றுவிடும். இதுவும் புளிப்பு மண்ணில் மிகும். இத்தகைய வேரைக் கண்டால் செடியை எரித்துவிட்டு, அந்த மண்ணில் மறுபடியும் கோசு இனத்தை நடாதிருங்கள். பட்டாணி, பீன்ஸ், கீரைக்கு அத்தொட்டியை ஒதுக்கலாம். காரட்டு இரண்டாகக் கிளைத்துத் தாடி விட்டு வந்தால் வேர்முடிச்சு நூற்புழுவையோ, மண்ணில் கல்லோ மக்காத சாணமோ இருப்பதையோ சந்தேகிக்கலாம். முடிச்சுகள் இருக்கின்றனவா என்று சல்லி வேரைக் கழுவிப் பார்த்தால் எது என்பது தெரிந்துவிடும். வீட்டு வாசலில், குழந்தைகள் விளையாடும் இடத்தில், குருணை மருந்துகளைத் தொட்டியில் இடுவதை நான் ஒருக்காலும் ஆதரிக்க மாட்டேன்.

அப்படியானால் எந்த மண்? காய்கறி பயிரிடாத இடத்தின் மேல்மண் இரண்டு பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் அல்லது கம்போஸ்ட் ஒரு பங்கு, கழுவிய நார்த்தூளும் மணலும் சேர்ந்து ஒரு பங்கு, தேவைப்படும் அளவு டோலமைட். இதற்குமேல் இரகசியம் ஏதுமில்லை. காட்டு மண்ணை எடுக்க வனச்சட்டம் இடம் தராது. தோட்டத்து மண்ணுக்கு நிர்வாகத்தின் அனுமதி தேவை. ஆலையில் கிடைக்கும் தேயிலைக் கழிவைப் பச்சையாகக் கலந்தால், அது மக்கும்போது செடிக்குரிய தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். மூன்று நான்கு மாதம் மக்க வைத்து உபயோகியுங்கள். கம்போஸ்ட் குழியில் சமைத்த உணவு மீதியைப் போடாதீர்கள். கரடியும் காட்டுப்பன்றியும் குடியிருப்புக்குள் வருவது இம்மாவட்டத்தில் இன்று அன்றாடச் செய்தியாகிவிட்டது. அவற்றிற்கு நாமே விருந்து வைக்க வேண்டியதில்லை.

உறைபனியைப் பற்றி உங்களுக்கு என்னைவிட அதிகம் தெரியும். தொட்டிக்குப் பொருந்துவதை மட்டும் சொல்கிறேன். நிலத்திலுள்ள வேரைச் சுற்றிப் பூமியின் வெப்பம் இருக்கிறது. தொட்டியின் வேருக்கு நாலா பக்கமும் குளிர். ஆகவே பாத்திச் செடி தப்பும் இரவில் தொட்டிச் செடி கருகும். மறுபுறம், பாத்தியை நகர்த்த முடியாது, தொட்டியை நகர்த்தலாம். குளிர்காற்று நீரைப்போல் பள்ளத்தை நோக்கி வழிந்து அங்கே தேங்கும். தலைக்குந்தாவிலும் இப்பகுதியிலும் பள்ளப் புல்வெளி வெளுத்திருக்க, மேட்டுச் சரிவு பச்சையாக இருப்பது இதனாலேயே. முற்றத்தின் தாழ்ந்த மூலையிலிருந்து தொட்டிகளை எடுத்து, பகலில் வெயில் பட்டுச் சூடேறும் சுவரை ஒட்டி நெருக்கமாக வையுங்கள். மாலையில் சாக்கோ காய்ந்த பெரணியோ மூடி, காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள். மூடிய பொருள் இலையைத் தொடாமல் இரண்டு குச்சிகளின் மேல் நிற்கட்டும். முற்றும் காய்ந்த மண்ணைவிடச் சற்று ஈரமான மண் சூட்டைக் காக்கும். ஆகவே பனி இரவுக்கு முன், நண்பகலிலேயே அளவாக நீர் விடலாம். இலையில் பனி உறைந்துவிட்டால், வெயில் படுமுன் சாதாரண நீரைத் தெளித்து மெல்லக் கரையுங்கள். கருகிய இலைகளை உடனே கிள்ள வேண்டாம். உள்ளே குருத்து உயிரோடிருந்தால் அந்த இலைகளே அடுத்த பனிக்குக் கூரையாகும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் இலையில் நிறமாற்றம் கண்டால் மட்டும் உரத்தைப் பற்றி நினைக்கலாம். எந்த இலை மாறுகிறது என்பதே கேள்வி. அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. மழைக்காலத்தில் அது தொட்டியின் அடி வழியே கழுவிப் போய்விடும். ஒரு தேக்கரண்டி, அதாவது ஐந்து கிராம் யூரியாவை மூன்று லிட்டர் நீரில் கரைத்து, பைக்கு ஒரு டம்ளர் வீதம் வாரம் ஒருமுறை விட்டால் போதும். ஊதா நிறம் ஏறினால் மணிச்சத்துக் குறைவு என்று நூல்கள் கூறும். மார்கழியில் அதை நம்பி உரம் வாங்காதீர்கள். குளிரில் வேர் மணிச்சத்தை எடுக்க இயலாததாலும் அந்நிறம் வரும்; வெயில் வந்ததும் புது இலை பச்சையாக வரும். மாசியிலும் ஊதா நீடித்தால் அப்போது யோசிக்கலாம். லெட்யூஸ், கோசு ஆகியவற்றின் உள்ளிலை ஓரம் கருகுவதும் தக்காளிக் காயின் அடி கறுப்பதும் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராத குறை. பெரும்பாலும் நீரை ஒரு நாள் வெள்ளமாகவும் நான்கு நாள் பட்டினியாகவும் விடுவதால் வருவது அது.

பூச்சிகளைக் கடைசியில் சொல்வதற்குக் காரணம் உண்டு. நலிந்த செடியைத்தான் அவை முதலில் நாடுகின்றன. இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். அசுவினி இருந்தால் நீரைப் பீய்ச்சி அடித்து, பின்பு வேப்பங்கொட்டைச் சாறு தெளித்தால் அடங்கும். கோடையில் மெல்லிய வலையும் செம்புள்ளிகளும் தென்பட்டால் அது சிலந்திப் பேன்.

எதை நடுவது என்பதிலும் நலிவுக்கு வித்து இருக்கிறது. கிளென்மார்கனிலிருந்து இராட்சதக் குழாய்களில் இறங்கும் நீர், சிங்காரா மின்நிலையத்தை அடையும்போது மூவாயிரம் அடிக்கும் மேல் கீழே போய்விடுகிறது. 1932 முதல் அந்த வீழ்ச்சியிலிருந்தே பைக்காரா மின்சாரம் பிறக்கிறது. கீழே மசினகுடிப் பக்கம் வெண்டையும் கத்தரியும் மிளகாயும் காய்க்கும். அதே விதையை மேலே நட்டால் முளைத்து, நான்கு இலை விட்டு, குளிரில் குறுகி நின்றுவிடும். அதற்கு நோய் ஏதும் இல்லை, ஊர் மாறிவிட்டது. சமவெளி மாவட்டங்களுக்கென்று கட்டப்பட்ட விதைப் பொட்டலங்களை இங்கே பிரித்துக் கொடுப்பதில் பயனில்லை. முள்ளங்கி, நூல்கோல், பீட்ரூட், பாலக்கீரை, லெட்யூஸ், பட்டாணி, பூண்டு, வெங்காயத் தாள், கொத்தமல்லி ஆகியவை தொட்டிக்கும் இந்தக் குளிருக்கும் ஏற்றவை. தக்காளி வேண்டுமென்று விரும்புகிறவர்கள் மாசியில் நாற்றிட்டு, மழைக்கு முன் காய் பறித்துவிட முயலலாம். தென்மேற்குப் பருவமழையின் மூடுபனியில் இலைக் கருகல் நோய் அதை விட்டுவைக்காது.

பஞ்சாயத்து அங்கத்தினர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. ஏதேனும் திட்டத்தின் கீழ் பைகள் வழங்க நேரும்போது பைகளின் எண்ணிக்கையோடு கணக்கை முடித்துவிடாதீர்கள். வெறும் பையைப் பெற்றவர், அருகிலுள்ள உருளைக்கிழங்கு நிலத்திலிருந்து மண்ணை அள்ளுவார். வேறு அவர் எங்கே போவார்? ஓரிடத்தில் நல்ல மண்ணைக் குவித்து, சோதித்து, டோலமைட்டும் கம்போஸ்டும் கலந்து, மூன்று வாரம் பதப்படுத்தி, நிரப்பிய பையாகக் கொடுங்கள். நூறு வெறும் பைகளைவிட நாற்பது நிரப்பிய பைகள் மேல். மகளிர் குழுவினர் இக்கலவை வேலையைக் கூலிக்கு ஏற்றுச் செய்யலாம். கொள்முதல் ஒப்பந்தத்தில் கழுவிய நார்த்தூள் என்றும், பக்கத் துளையுள்ள தடித்த பை என்றும் எழுதி வாங்குங்கள். மெல்லிய பைகள் இரண்டு கோடையில் கிழிந்து காற்றில் பறக்கும். 2019 ஜனவரி முதல் மாநிலம் முழுவதும் ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக்கிற்குத் தடை வருமுன்னரே பிளாஸ்டிக் பைகளைத் தடுத்து வழிகாட்டிய மாவட்டம் இது. கிழிந்த பைகளைக் காட்டெருமை தின்னும்படி விடுவது நமக்கு அழகன்று. அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவும் ஏற்பாடு வேண்டும்.

நலிந்த செடிகளைப் பையோடு கொண்டு வந்திருப்பவர்கள் பலரைக் காண்கிறேன். அவற்றை மேடைக்கு இப்புறம் வரிசையாக வையுங்கள். எந்த மண்ணிலிருந்து நிரப்பியது, கடைசியாக என்று நீர் விட்டது என்ற இரண்டையும் ஒரு சீட்டில் எழுதிப் பையில் செருகுங்கள். சாக்கு ஒன்றை விரித்து, ஒவ்வொன்றாகச் சாய்த்து வேரைப் பார்க்கத் தொடங்குவோம்.